பழைய கடிதங்களைப் படிக்காமல் பார்த்தால் என்ன தெரியும்?

வைகைக்கரை:

பழைய கடிதங்களைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இரண்டு வழியில்தான் போகிறது. "அந்தக் காலம் வருமா" என்ற பெருமூச்சு ஒன்று, "என்ன முத்து முத்தான கையெழுத்து" என்ற பாராட்டு இன்னொன்று. எனக்கு இரண்டும் சலித்துவிட்டது. அதனால் வேறு ஒன்று கேட்கிறேன். ஒரு கடிதத்தைப் படிக்காமல், ஓவியத்தைப் பார்க்கிற கண்ணோடு பார்த்தால் அதில் என்ன இருக்கிறது?

பரணில் டிரங்குப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு இன்லண்ட் லெட்டரை எடுத்துத் தலைகீழாக வைத்துப் பாருங்கள். சட்டென்று படிக்க வராது, அதுதான் நமக்கு வேண்டும். இப்போது எழுதியவர் தாளை எப்படிச் செலவு செய்திருக்கிறார் என்பது தெரியும். உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி, மூலையில் ஊரும் தேதியும், சுற்றி நிறைய வெள்ளை இடம் என்று சாவகாசமாக ஆரம்பித்திருப்பார். முதல் மடிப்பு வரைக்கும் வரிகள் ஒரே இடைவெளியில் இறங்கும். இரண்டாவது மடிப்பைத் தாண்டியதும் நெருக்கம். மூன்றாவதில் எழுத்து பாதி அளவுக்குச் சிறுத்துவிடும். அப்புறமும் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கும், தாளைத் திருப்பி ஓரத்தில் ஏறுவார். கோந்து தடவுகிற விளிம்பு வரைக்கும் போய் ஒரு சொல் அங்கே மாட்டிக்கொள்ளும். பிரித்தவர் அவசரத்தில் அதைக் கிழித்திருப்பார்.

என் கட்சி இதுதான்: அழகான கையெழுத்து வேறு, பார்க்க அழகான கடிதம் வேறு. தாளின் அளவும் சொல்ல வேண்டிய விஷயமும் மோதுகிற இடத்தில் கடிதம் ஓவியமாகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாலுமாசி:

வைகை அண்ணே, வணக்கம். எனக்கு உடன்பாடில்லை. உசிலம்பட்டியிலிருந்து எங்கள் அய்யா போடுகிற கார்டில் "பணம் வந்து சேர்ந்தது. சிவப்பி கிடாரி போட்டிருக்கிறது. மழை இல்லை" என்று இருக்கும். அவ்வளவுதான். அவர் ஓவியம் வரைய உட்காரவில்லை. இடம் போதாமல் ஓரத்தில் எழுதியதையெல்லாம் கலை என்றால், பஸ் டிக்கெட்டின் பின்னால் கண்டக்டர் எழுதித் தரும் பாக்கிச் சில்லறையும் கலைதான். எழுத்து கோழி கிண்டினது போல இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. மழை இல்லை என்ற செய்திதான் கடிதம்.

மல்லிமொட்டு:

நாலுமாசி தம்பி, உங்கள் அய்யா காலத்து ஆட்கள் கடிதத்தைப் படிப்பதற்கு முன்னால் பார்த்தவர்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணமோ காதுகுத்தோ. கறுப்பு ஓரமோ கிழித்த மூலையோ தெரிந்தால் துக்கம். எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அப்பத்தா, தபால்காரர் சைக்கிளை நிறுத்தும்போதே என்ன வந்திருக்கிறது என்று சொல்லிவிடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்தான்.

இன்னொன்று. ஒரே கடிதத்தில் ஒரு குடும்பமே எழுதும். அப்பா முக்கால் பங்கை எடுத்துக்கொள்வார். அம்மா சொல்லச் சொல்ல அண்ணன் எழுதுவான், அந்த இடத்தில் மட்டும் வரி மேலும் கீழும் ஆடும், ஏனென்றால் அம்மா அடுப்படியிலிருந்து கத்திச் சொல்கிறாள். கடைசியில் கடைக்குட்டி தன் பெயரைப் பென்சிலில் நாலு வரி உயரத்துக்கு எழுதி முடித்துவிடும். மூன்று கை, மூன்று விதமான அழுத்தம், ஒரே தாள். இதை அச்சடித்துக் கொடுத்தால் எதுவும் மிஞ்சாது.

பேனாமூடி:

மை பற்றி யாரும் பேசவில்லையே என்று வருகிறேன்.

துவைத்தால் அழியும் ராயல் புளூ மை வெளிச்சம் பட்டால் வெளுக்கும். புளூ பிளாக் என்று சொல்கிற மையில் பழைய முறையில் இரும்புச் சத்து சேர்ப்பார்கள். எழுதும்போது நீலமாக இருக்கும், காற்று பட்டுக் கறுக்கும், பல வருடம் கழித்துப் பழுப்பாகும். ஐரோப்பாவில் ஓவியர் வான்கா தன் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்களில் பலவும் இன்று பழுப்பாகத் தெரிவது இதனால்தான். நடுநடுவே படம் போட்ட கடிதங்கள் அவை. அவற்றில் பெரும்பங்கு ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிச்சத்துக்குப் பயந்து அவர்களே எப்போதாவதுதான் வெளியே எடுத்து வைக்கிறார்கள்.

நம் வீட்டுக் கடிதத்திலும் இதைப் பார்க்கலாம். ஒரு பத்தியின் தொடக்கம் அடர்த்தியாக இருக்கும், போகப் போக வெளிறும், திடீரென்று மறுபடி அடர்த்தி. அங்கே பேனாவைப் புட்டியில் முக்கியிருக்கிறார், அல்லது மை நிரப்பப் போயிருக்கிறார். எழுதியவர் எங்கே எழுந்து போனார் என்பது நிறத்திலேயே பதிவாகிவிடுகிறது.

வைகைக்கரை:

நாலுமாசி, செய்திதான் கடிதம் என்கிறீர்கள். சரி, சீனாவுக்கு ஒரு நடை போய் வருவோம். நாலாம் நூற்றாண்டில் வாங் சிஜி என்ற புகழ்பெற்ற எழுத்துக்கலைஞர் ஒரு நண்பருக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினார். மொத்தம் 28 எழுத்து. பனி பெய்து வானம் வெளுத்திருக்கிறது, நலம்தானே, நினைத்தபடி முடியவில்லை என்கிற அளவுக்குத்தான் விஷயம். நம் கணக்கில் "நலம், நலமறிய ஆவல்". அதை ஆயிரத்து நானூறு வருடம் கழித்து சியன்லோங் சக்கரவர்த்தி தன் மூன்று அரிய பொருள்களில் ஒன்றாக வைத்துக்கொண்டார். வெறும் இடம் பார்த்து அதன் பக்கத்தில் தானும் எழுதினார், முத்திரை மேல் முத்திரையாகக் குத்தினார். இன்று அது தைப்பேயில் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதுவும் மூலம் இல்லை, தாங் அரசமரபின் காலத்தில் எடுத்த பிரதி என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். செய்திக்காக மட்டும் என்றால் அன்றைக்கே கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

நாலுமாசி:

அது சீனா. அவர்களுக்குத் தூரிகைதான் பேனா, எழுத்தும் ஓவியமும் அங்கே ஒரே கையில் பழகுவது. நமக்கு ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட். எல்லாக் கோடும் ஒரே தடிமன். அதில் என்ன ஓவியம் வரும்?

கீழவாசல் ஆர்ட்டிஸ்ட்:

இந்த இடத்தில் நான் வரவேண்டியிருக்கிறது. போர்டு எழுதுவது என் தொழில். பிளெக்ஸ் வந்து பாதித் தொழிலைத் தின்றுவிட்டது, அது வேறு கதை.

நாலுமாசி தம்பி கேட்டதற்கு முதலில் பதில். தடித்தும் மெலிந்தும் போகிற கோடு தூரிகைக்கும் பட்டை நிப்புக்கும் உரியது. நம் எழுத்து பனையோலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. எழுத்தாணிக்குத் தடிமன் மெலிவு கிடையாது, வளைவுதான் உண்டு. கீறிய பிறகு விளக்குக் கரியையோ இலைச்சாறு கலந்த மையையோ தேய்த்தால்தான் கண்ணுக்கே தெரியும். அந்த வகையில் பால்பாயிண்ட் பேனா எழுத்தாணிக்குப் பக்கத்துச் சொந்தம். பால்பாயிண்டில் எழுதிய கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எங்கே கோபம், எங்கே தயக்கம் என்று விரலுக்குத் தெரியும்.

இப்போது என் தொழிலுக்கும் கடிதத்துக்கும் உள்ள வித்தியாசம். நான் போர்டு எழுதும் முன் எழுத்துகளை எண்ணுவேன், இடத்தைப் பிரிப்பேன், நூல் அடித்துக் கோடு போடுவேன், சாக்பீஸில் வரைந்து பார்ப்பேன். கடைசி எழுத்து எங்கே முடியும் என்று தெரிந்துதான் முதல் எழுத்தில் பிரஷ் வைப்பேன். நெருக்கி முடித்தால் முதலாளி காசு தரமாட்டார். கடிதம் எழுதுபவருக்கு முடிவு தெரியாது. வைகை சார் சொன்ன அந்த நெருக்கம் என் வேலையில் குற்றம், கடிதத்தில் அதுதான் உயிர்.

அப்புறம், வரிக்கும் வரிக்கும் நடுவில் பாருங்கள். இந்தி எழுத்துக்கு மேலே ஒரு கோடு ஓடும், எழுத்தெல்லாம் அதைப் பிடித்துத் தொங்கும். நமக்கு அந்தப் பிடி இல்லை. 'கி', 'சீ' மேலே எழும்பும், 'மு', 'ழு', 'ஞ' கீழே இறங்கும், 'ணௌ' அகலத்துக்குப் போகும். மேல் வரியின் 'ழு' வாலை இறக்கிய இடத்தில் கீழ் வரியின் 'லீ' சுழி வந்து முட்டும். நல்ல கை அங்கே தானாகக் கொஞ்சம் தள்ளிப் போகும். யோசித்துச் செய்வதில்லை, கை செய்யும். ஒரு பக்கம் முழுக்க இந்த விலகல்களை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள், நேரம் போவது தெரியாது. தமிழ் எழுத்தைக் கோடாகப் பார்க்கக் கற்க ஓவியர் ஆதிமூலம் சிறுபத்திரிகைகளுக்கும் நூல்களுக்கும் எழுதிக் கொடுத்த தலைப்புகளைப் பாருங்கள். எங்கள் தொழிலில் பலருக்கு அது பாடம்.

நாலுமாசி:

ஆர்ட்டிஸ்ட் அண்ணன் சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனால் ஒரு கேள்வி. நெருக்கியிருந்தாலும் அழகு, விலகினாலும் அழகு, ஆடினாலும் அழகு என்றால் அழகில்லாத கடிதம் என்று ஒன்று உண்டா? எல்லாம் நன்றாக இருக்கிறது என்பது ரசனையா?

கீழவாசல் ஆர்ட்டிஸ்ட்:

உண்டு தம்பி. காசு வாங்கிக்கொண்டு மனு எழுதித் தருகிறவர்கள் கை இருக்கிறதே, ஒரு எழுத்து பிசகாது, எல்லாப் பக்கமும் ஒன்றுபோல இருக்கும். பார்த்தால் ஒன்றுமே தோன்றாது. பள்ளிக்கூடத்தில் ரெட்டைக்கோடு நோட்டில் மார்க்குக்காக எழுதும் காப்பியும் அப்படித்தான்.

தெப்பக்குளத்தான்:

மனு எழுதுகிறவர்களை அப்படித் தள்ள நான் ஒப்பமாட்டேன். பத்திர எழுத்தர்கள், கணக்குப்பிள்ளைகள் எழுதிய கூட்டெழுத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பேனாவைத் தூக்காமல் ஒரு வரி முழுக்க இழுத்துப் போவார்கள். புள்ளி இருக்காது. ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று விட்ட பழக்கம், காகிதம் வந்த பிறகும் அந்தக் கைகளை விடவில்லை. வருடம், மாதம், தேதிக்கு ௵, ௴, ௳, மேற்படிக்கு ௸ என்று சுழித்துவிட்டுப் போவார்கள். தெரியாதவன் பார்த்தால் அது வெறும் வரைகோடு. அந்த ஓட்டத்தில் வேகம் இருக்கிறது. வேகமும் பார்க்கிற விஷயம்தானே?

எழுத்து உருவத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தது. பெரியார் 1935-லிருந்தே தன் பத்திரிகையில் பயன்படுத்திய உருவங்களில் பல அப்போது பொது வழக்கானது. அதற்கு முன் 'லை', 'னை', 'ணை', 'ளை' எல்லாம் முன்னால் தும்பிக்கை தூக்கி நிற்கும். 'ணா', 'றா', 'னா' மூன்றுக்கும் தனிக்கால் கிடையாது, எழுத்தோடு சேர்த்துக் கீழே சுழித்து விடுவார்கள். அந்தக் காலத்தில் படித்தவர்கள் பலர் 1990-களிலும் தும்பிக்கையை விடவில்லை. மல்லிமொட்டு அக்கா சொன்ன குடும்பக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அப்பாவின் 'வேலை' ஒரு உருவம், பிள்ளையின் 'வேலை' வேறு உருவம். ஒரே தாளில் இரண்டு காலம். யூனிகோடில் தட்டும்போது எழுத்துரு எதைக் காட்டுகிறதோ அதுதான், தட்டுகிற கைக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

நேரம் இருப்பவர்கள் மதுரைக்குப் பக்கத்தில் உள்ள கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஒருமுறை போங்கள். அங்கே பேச்சிப்பள்ளம் என்ற இடத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. 9, 10-ஆம் நூற்றாண்டுக் காரியம். இன்னார் "செய்வித்த திருமேனி" என்றுதான் வரும், அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாயார் குணமதியார் செய்வித்தது உட்பட. நம்மில் பெரும்பாலானவர்களுக்கு வட்டெழுத்துப் படிக்க வராது. அதனால் வேறு வழியில்லாமல் பார்ப்போம். வைகைக்கரை தலைகீழாக வைத்துச் செய்யச் சொன்ன பயிற்சி அங்கே தானாக நடக்கும்.

நாலுமாசி:

தெப்பக்குளத்தார் சார், கல்வெட்டு ஊர் பார்க்க வெட்டியது. கடிதம் ஒருவர் பார்க்க எழுதியது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா?

தெப்பக்குளத்தான்:

வைக்க முடியாதுதான். ஆனால் கண்ணைப் பழக்க அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை.

ஜிகர்தண்டா:

எல்லோரும் சீரியஸாகப் பேசுகிறீர்கள், மொட்டைக் கடுதாசியை மறந்துவிட்டீர்களே! கையெழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதுவான், எழுத்தை வேண்டுமென்றே கோணலாக்குவான். அப்படியும் எங்கள் தெருவில் ஒருவர் மாட்டிக்கொண்டார். எல்லாவற்றையும் மாற்றியவர் முகவரிக்குக் கீழே வழக்கமாகப் போடும் ரெட்டைக்கோட்டை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். ஓவிய ரசனை என்பது எங்கள் தெருவில் அன்றைக்கே இருந்திருக்கிறது.

பின்குறிப்பு: கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று எங்கள் வாத்தியார் சொல்வார். என் தலையெழுத்து பிரமாதமாக இருந்திருக்க வேண்டும்.

வைகைக்கரை:

இடது கை என்றதும் காந்தி ஞாபகம் வருகிறார். 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் ஒரு நூலையே கையால் எழுதினார், வலது கை ஓய்ந்தபோது இடது கைக்கு மாறி எழுதினார். தன் எழுத்து மோசம் என்று அவருக்கு வருத்தம் உண்டு. சுயசரிதையில் அதைச் சொல்கிற இடத்தில் ஒரு யோசனையும் சொல்கிறார்: குழந்தைக்கு முதலில் படம் வரையச் சொல்லிக் கொடுங்கள், பூவையும் பறவையையும் பார்ப்பது போல எழுத்தையும் பார்த்துப் பழகட்டும், வரைய வந்த பிறகு எழுத வையுங்கள் என்று. எழுத்து முதலில் கண்ணுக்கு, பிறகுதான் கருத்துக்கு என்பதை இதைவிட நேராக யாரும் சொல்லிவிட முடியாது. மதுரை தமுக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கிற காந்தி அருங்காட்சியகத்துக்குப் போனால் ரத்தக்கறை படிந்த துணியோடு நின்றுவிடாமல், கண்ணாடிக்குள் இருக்கிற கடிதத் தாள்களையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.

மல்லிமொட்டு:

எனக்கு ஒரு நடைமுறைச் சிக்கல். என் நாத்தனார் வீட்டில், இறந்துபோன மாமியாரின் கடிதங்களில் ஒன்றை ஃபிரேம் போட்டு ஹாலில் மாட்ட வேண்டும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அதில் ஒரு மருமகளைப் பற்றி (நான் இல்லை) நாலு வரி இருக்கிறது. வருகிறவர் போகிறவர் எல்லாம் படிப்பார்கள். படிக்காமல் பார்க்கிற கண் இந்த இழையில் இருக்கலாம், எங்கள் சொந்தக்காரர்களுக்கு இல்லை. லேமினேட் செய்து வைத்துவிடலாம் என்று ஒரு கடைக்காரர் சொல்கிறார். இரண்டுக்கும் யோசனை சொல்லுங்கள்.

ஓலைநறுக்கு:

அக்கா, லேமினேஷன் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் பசை தாளுக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்கவே முடியாது. செலோடேப்பும் அப்படித்தான், சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் கறையாக்கும். குண்டூசி, ஸ்டேப்ளர் பின் இருந்தால் முதலில் எடுத்துவிடுங்கள், துரு தாளைத் தின்னும். ஒரே மடிப்பில் பல வருடம் கிடந்த இன்லண்ட் அந்த மடிப்பில்தான் முதலில் விடும், அதனால் விரித்துத் தட்டையாக வையுங்கள். அமிலமில்லாத தாள் கிடைத்தால் இடையில் ஒன்று. மதுரை வெயிலில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள பரண் ரொம்ப மோசமான இடம். உள்ளறை அலமாரியின் நடுத்தட்டு பரவாயில்லை. ராமபாணப் பூச்சி வராமல் பழைய ஓலைக்கட்டுகளில் வசம்பு வைப்பார்கள். நீங்களும் வைக்கலாம், தாளில் படாமல் ஒரு துணியில் முடிந்து வையுங்கள்.

சுவரில் மாட்டுவதற்கு மூலம் எதற்கு? நல்ல ஸ்கேன் எடுத்து நகலை மாட்டுங்கள். மேலே சொன்ன சீனக் கடிதமே நகல்தானே. இன்னொரு விஷயம்: தாள் வாங்கியவருக்குச் சொந்தமாக இருக்கலாம், அதில் எழுதிய சொல்லுக்குக் காப்புரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும். எழுதியவர் காலத்தில் வெளிவராத கடிதமென்றால் நம் சட்டத்தில் அது முதலில் வெளியான பிறகும் 60 வருடம். இந்த இழையில் படம் போடுகிறவர்களும் இதை நினைவில் வையுங்கள்.

கீழவாசல் ஆர்ட்டிஸ்ட்:

மல்லிமொட்டு அம்மா, இன்னொரு வழி. முழுக் கடிதமும் வேண்டாம். அந்த ஓரத்தில் ஏறுகிற வரிகள், கையெழுத்துப் போட்ட இடம், இந்தப் பகுதியை மட்டும் மூன்று மடங்கு பெரிதாக்கி மாட்டுங்கள். பெரிதாக்கினால் படிப்பது குறையும், கோடு கண்ணில் படும். மருமகளும் தப்பித்துக்கொள்வார்.

நாலுமாசி:

அதாவது செய்தியை வெட்டிவிட்டுப் படத்தை மட்டும் மாட்டச் சொல்கிறீர்கள். கடைசியில் நான் சொன்ன செய்தி பிரச்சினை செய்கிற அளவுக்குப் பலமானதுதான் என்று ஆகிவிட்டதே, வைகை அண்ணே! மாமியாரின் கடிதத்தில் அந்த நாலு வரிதான் மாமியார் என்று நான் சொல்வேன். ஆனால் ஹாலில் மாட்டச் சொல்லமாட்டேன்.

வைகைக்கரை:

அந்த நாலு வரியில் பேனா அழுத்தம் எப்படி இருக்கிறது என்று மல்லிமொட்டு அக்கா பின்பக்கம் தடவிப் பார்த்துச் சொன்னால் நம் இருவரில் யார் பக்கம் நியாயம் என்று பேசலாம்.

மல்லிமொட்டு:

தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் லேசாக இருக்கிறது, அந்த நாலு வரி மட்டும் ஆழம், ஒரு இடத்தில் தாளே ஓட்டை. சரி, ஓரத்து வரிகளையும் கையெழுத்தையும்தான் பெரிதாக்கப் போகிறோம். ஓலைநறுக்கு சார், ஸ்கேன் எவ்வளவு டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) வைக்க வேண்டும்?

ஓலைநறுக்கு:

600 வையுங்கள், வண்ணத்தில் எடுங்கள், கறுப்பு வெள்ளை வேண்டாம், மையின் நிறம் போய்விடும். இரண்டு பக்கமும் எடுங்கள், முகவரி, தபால் முத்திரை, கோந்து மடிப்பு எல்லாம் சேர்த்து. ஓட்டை இருக்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாள் வைத்து எடுத்தால் அதன் விளிம்பு தெளிவாக விழும்.